வரிசை போட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வாக்குகளைக் கணினியிடம் கொடுத்தால் குழுவின் உண்மையான விருப்பம் நொடியில் தெரிந்துவிடும்' என்று சென்ற இதழில் ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

நான் இருந்த சங்கத்தின் குழுவில் 15 பேர். கட்டடமா, நூலகமா, உதவித்தொகையா என்று முடிவெடுக்க வேண்டும். ஐந்து பேருக்கு முதலில் கட்டடம், அடுத்து நூலகம், கடைசியில் உதவித்தொகை. இன்னும் ஐந்து பேருக்கு நூலகம், உதவித்தொகை, கட்டடம். மீதி ஐவருக்கு உதவித்தொகை, கட்டடம், நூலகம். தலைவர் முதலில் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் கை தூக்கச் சொன்னார். கட்டடத்துக்கு 10 பேர், நூலகத்துக்கு 5 பேர். அப்புறம் கட்டடமா, உதவித்தொகையா என்றார். உதவித்தொகைக்கு 10 பேர், கட்டடத்துக்கு 5 பேர். 'பெரும்பான்மை முடிவு' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். உதவித்தொகையை நூலகத்தோடு வைத்துக் கேட்டிருந்தால் அதேபோல 10 பேருக்கு 5 பேர் என்ற கணக்கில் நூலகம் ஜெயித்திருக்கும். அதைச் சொல்ல எழுந்தேன், உட்காரச் சொன்னார்கள். இதில் எது உண்மையான விருப்பம்? எதைக் கடைசியில் போட்டிக்குக் கொண்டுவருகிறோமோ அதுதான் ஜெயிக்கும்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தோர்சே 1785-லேயே காட்டிய, ஒன்றை ஒன்று வென்று சுற்றிவரும் சுழல் இது. தாங்கள் அறியாததல்ல. மூன்றோ அதற்கு மேலோ தேர்வுகளை வரிசைப்படுத்தி வாக்களிக்கும்போது, எல்லா நியாயமான நிபந்தனைகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் முறை கிடையாது என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1951-இல் நிறுவினார். 1989-இல் பார்தோல்டி, டோவி, ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: சில வாக்கு முறைகளில் வென்றவர் யார் என்று கணக்கிடுவதே, போட்டியாளர்கள் பெருகப் பெருக, கணினியைத் திணறவைக்கும். நொடியில் தெரியுமாம்!

ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளை ஆராயும் கணிதம் ஆட்டக் கோட்பாடு. தங்கள் இதழில் அது என்றாலே, காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று தவிக்கும் இரண்டு கைதிகளின் கதைதான். அதைத் தாண்டி ஒரு கட்டுரை நான் பார்த்ததில்லை. வாக்கு முறைகளைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தில் கணக்கை நீக்கிவிட்டு, இதழைப் பாராட்டிய இரண்டு வரிகளை மட்டும் போட்டிருந்தீர்கள். நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது என்னை மிகவும் வருத்தியது.

மேலே உள்ள மூன்று வரிசைகளையும் ஒரு சின்னக் கட்டத்தில் அச்சிடுங்கள், போதும். இடம் போதாவிட்டால் என் வணக்கத்தை நீக்கிக்கொள்ளுங்கள். எண்களில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்