வேதாரண்யத்து அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவினர்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும், தஞ்சாவூரில் எங்களோடு வார்டில் இருந்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் மகனுக்கு, கீழே இறங்காமல் நின்றுவிட்ட விதையை இறக்கி வைக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீடு வந்து சேர்ந்துவிட்டோம். காய்ச்சல் இல்லை, தையல் ஆறி வருகிறது, பால் குடிக்கிறான், இரவில் மட்டும் கொஞ்சம் சிணுங்குகிறான். அது எப்போது தெரிய வந்தது, எங்கெல்லாம் அலைந்தோம் என்பது இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும் என்பதால் அந்தக் கதையை மறுபடி எடுக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களில் முக்கியமான ஒருவருடைய பெயரோ ஊரோ எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் போனில் சொல்லி முடிக்காமல் எழுத உட்கார்ந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை மயக்க மருத்துவர் வந்து, கஞ்சி, பசும்பால் எதுவானாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், தாய்ப்பாலென்றால் நான்கு மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை கொடுக்கலாம் என்று விளக்கினார். வயிற்றில் பால் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு, விடியுமுன் அவனை எழுப்பி வயிறு நிறையக் கொடுத்துத் தூங்க வைத்தேன். காலையில் முதல் ஆளாகக் கூப்பிடுவதாக இருந்த எங்களுக்கு முன்னால் ஓர் அவசர கேஸ் உள்ளே போய்விட்டது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அங்கே உயிர்ப் பிரச்சினை, இங்கே அப்படி இல்லை. ஆனால் ஒரு வயதுகூட நிறையாத பிள்ளைக்கு அந்த நியாயத்தை யார் எடுத்துச் சொல்வது? ரவிக்கையைப் பிடித்து இழுத்து, தலையால் என் மார்பை முட்டி முட்டி அழுதான். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தால் துப்பினான். அவன் அப்பா தூக்கிக்கொண்டு நடந்தால் அவர் தோளிலிருந்து என்னை நோக்கியே தாவினான். எனக்குப் பால் கட்டி வலிக்கிறது, புடவை நனைகிறது, கொடுக்கவும் முடியாது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போது எதிர்க் கட்டிலில் பேரனுக்குத் துணையாக இருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். வேதாரண்யம் பக்கம், உப்பளத்தில் வேலை பார்க்கிறவர் என்பது அதற்கு முன் அவர் மருமகளோடு பேசிய பேச்சிலிருந்து காதில் விழுந்திருந்தது; மற்றபடி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. "ஆயி, நீ பக்கத்துல நிக்கிற வரைக்கும் அவன் அடங்க மாட்டான். பால் வாசன அவனுக்குத் தெரியுதுல்ல? எங்கிட்ட குடுத்துட்டு அவன் கண்ணுல படாத எடத்துல போயி உக்காரு" என்றார். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. சொல்லும்போதே கை நீண்டு பிள்ளையை வாங்கிவிட்டது.

நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு, அவனுக்குத் தெரியாமல் எட்டி எட்டிப் பார்த்தேன். உப்பில் வெடித்துத் தடித்துப் போன கைகள். ஒரு முழங்காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் அவரால் நடக்க முடிந்தது. அந்தக் காலோடு வராந்தாவின் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்துகொண்டே இருந்தார். தாலாட்டு ஒன்றும் பாடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் வழக்குச் சொல்வது போல அவனிடம் பேசிக்கொண்டிருந்தார். "குவிச்சு வச்ச உப்புல மழ பேஞ்சா என்னா ஆவும், நீயே சொல்லு. யாருகிட்ட போயி கேக்குறது? ஒனக்காவது தெரியுமா?" அவன் அழுகையை நிறுத்தி அவர் வாயையே பார்ப்பான், பிறகு நினைவு வந்து அழுவான், அவர் தோள் மாற்றிக்கொண்டு வழக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நடுவில் அவருடைய பேரனுக்கு இட்லி வந்தது. மருமகளிடம் கண்ணைக் காட்டி, தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போய் ஊட்டச் சொன்னார். என் மகன் கண்ணில் அது படக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பெற்ற எனக்கே அது தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை.

கூப்பிட வந்த சிஸ்டர், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, அரைஞாணைக் கழற்றுங்கள் என்றார். திருக்கருகாவூர் அம்மன் சந்நிதியில் வைத்து என் மாமியார் கட்டிவிட்ட வெள்ளி அரைஞாண். கொக்கி இறுகி நகம் நுழையவில்லை. என் கை வேறு நடுங்கிக்கொண்டிருந்தது. வெட்டிவிடலாம் என்று சிஸ்டர் கத்திரியை எடுத்து வந்தபோது, அந்த அம்மா "செத்த பொறுங்க சிஸ்டர்" என்று சொல்லி, சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் கொக்கியை நெம்பிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தியேட்டர் வாசல் வரைக்கும் பிள்ளையைத் தூக்கி வந்தவர், கதவு திறந்ததும் என்னிடம் நீட்டி, "இப்ப நீ வாங்கு. ஒங் கையிலேருந்து போவட்டும்" என்றார்.

கடைசி வரை அவர் என்ன ஆபரேஷன் என்று கேட்கவில்லை. இதை ஏன் இவ்வளவு பெரிதாக எழுதுகிறேன் என்றால், ஆண் பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு குறை என்று தெரிந்த நாளிலிருந்து எங்களைக் கேள்வி கேட்காத மனிதர்கள் அபூர்வம். தவழ்கிற பிள்ளையைப் பார்த்து இவனுக்கு நாளைக்குக் குழந்தை பிறக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. கர்ப்பத்தில் நீ என்ன சாப்பிட்டாய் என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. எண்ணெய் போட்டு நீவினால் இறங்கிவிடும் என்றார்கள். ஐந்து வயது வரை பார்க்கலாம், எங்கள் மாமன் மகனுக்குத் தானாகவே இறங்கியது என்றார்கள். அக்கறையில் சொன்னவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த அக்கறை எங்களுக்கு எந்தச் சுமையையும் குறைக்கவில்லை.

குறைத்தவர் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர். விதைகள் கருவில் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் கீழே இறங்கி வருகின்றன, வழியில் ஒன்று நின்றுவிடுவது 100 ஆண் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு நடக்கிறது, குறைமாதப் பிள்ளைகளில் இது இன்னும் பல மடங்கு, இதில் தாய் செய்தது என்று எதுவும் இல்லை என்று அவர் சொன்னபோது என் மாமியாரும் பக்கத்தில் இருந்தார். அதற்காகவே அந்த மருத்துவருக்குத் தனியாக ஒரு நன்றி. ஆறு மாதம் வரை தானாக இறங்க வாய்ப்பு உண்டு, அதற்குப் பிறகு இறங்குவது அரிது, ஆகவே ஒன்றரை வயதுக்குள் இறக்கி வைத்துவிடுவதுதான் நல்லது என்றார். விதைப்பை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியானது. உள்ளேயே சூட்டில் கிடக்கும் விதை போகப் போகக் கெடும், பின்னாளில் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். பயமுறுத்தாமல், மறைக்காமல், இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். வெளியே ஓரிடத்தில் எழுதிக் கொடுத்திருந்த ஸ்கேனை அவர் கேட்கவே இல்லை. பழகிய கை தொட்டுப் பார்ப்பதைவிட அது அதிகம் ஒன்றும் சொல்லிவிடாது என்றார்.

தொட்டுப் பார்ப்பது என்றதும் எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் நினைவுக்கு வருகிறார். தடுப்பூசிக்குப் போன இடத்தில், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பிள்ளையைத் தொட்டவர் அவர். கை குளிர்ந்திருந்தால் இறங்கிய விதைகூடக் கூச்சத்தில் மேலே ஏறிக்கொள்ளும் என்று சொல்லி, பார்த்ததைப் பதிவேட்டில் எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவரும் அவரே. அவருக்கும், மயக்க மருத்துவருக்கும், தியேட்டர் சிஸ்டர்களுக்கும், காப்பீட்டு அட்டைக்கு எந்தெந்தச் சான்று வேண்டும் என்று பொறுமையாக எழுதிக் கொடுத்த தம்பிக்கும், ஆற்றில் தண்ணீர் வந்து நாற்று முற்றிக்கொண்டிருந்த வாரத்தில் எங்கள் வயலுக்கும் சேர்த்து ஆள் விட்டு நடவை முடித்துக் கொடுத்த மேலத்தெரு அண்ணனுக்கும், மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பித் தலைவாரிப் பூ வைத்துப் பார்த்துக்கொண்ட என் நாத்தனாருக்கும் எங்கள் இருவருடைய நன்றி.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னும் சில நாட்களுக்கு அவனைக் காலை விரித்து இடுப்பில் வைக்கக்கூடாது, நடைவண்டியிலும் உட்கார வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் பிள்ளையைக் கண்டால் கை தானாகவே இடுப்புக்குக் கொண்டுபோகும். தயவுசெய்து இரண்டு கையிலும் ஏந்தியே தூக்குங்கள்.

நானும் அவரும் சேர்ந்து ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இவன் வளர்ந்ததும் இந்தத் தழும்பு எதற்கு என்பதை இவனிடம் மறைக்கப் போவதில்லை. வயதுக்கு வந்த பிறகு அவ்வப்போது தானே தடவிப் பார்த்து, கட்டி ஏதும் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டியவன் அவன்; வெட்கப்பட்டு மூடி வைத்தால் அவனுக்குத்தான் நஷ்டம். நான் தனியாக நினைத்துக்கொண்டது இன்னொன்று. பசித்த பிள்ளையோடு வார்டில் தவிக்கிற எந்தத் தாயைப் பார்த்தாலும், என்ன நோய் என்று கேட்பதற்கு முன் கையை நீட்டிவிட வேண்டும்.

மறுநாள் நாங்கள் டிஸ்சார்ஜ் ஆகிக் கிளம்பியபோது அந்த அம்மா பேரனை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போயிருந்தார். வண்டி வந்துவிட்டதால் காத்திருந்து சொல்லிக்கொள்ள முடியவில்லை. வேதாரண்யம், கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளிப் பக்கத்தில் உங்களுக்கு உறவுக்காரர்கள் இருந்தால், பேரனோடு தஞ்சாவூர் வந்து போன, ஒரு காலைச் சாய்த்து நடக்கிற உப்பளத்து அம்மா யாரென்று விசாரித்து, பாபநாசத்துப் பிள்ளை சுகமாக இருக்கிறான் என்று சொல்லுங்கள். அவருடைய பேரன் எப்படி இருக்கிறான் என்பதையும் கேட்டு எங்களுக்குச் சொல்லுங்கள்.