மிச்சிகன்ல நாப்பது ஏக்கர் வச்சு மான் வேட்டைக்குப் போற நம்ம ஆளுங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

டெட்ராய்ட் பக்கம் வேலை, வடக்க இருபது நாப்பது ஏக்கர் காடு, லைசென்ஸ் எடுத்தாச்சு, வில்லு துப்பாக்கி எல்லாம் வாங்கியாச்சு, இப்படி நம்ம ஆளுங்க இப்ப கொஞ்சம் பேர் இருக்கோம். யார்கிட்ட பேசினாலும் ஒரே புலம்பல்தான், பெரிய பக் (ஆண் மான்) ராத்திரி ரெண்டு மணிக்கு காட்டுல மரத்துல கட்டி வச்ச கேமராவுல வருது, பகல்ல கண்ணுலயே படமாட்டேங்குதுன்னு. அதுக்காகத்தான் இந்த மடல்.

முதல்ல நிலக்கணக்கப் பாருங்க. 1785-ல போட்ட சட்டப்படி இங்க நிலத்த சதுர மைல் சதுர மைலா அளந்து பிரிச்சாங்க, ஒரு செக்ஷன்னா 640 ஏக்கர், நம்ம நாப்பது அதுல பதினாறுல ஒரு பங்கு. வளந்த வெள்ளைவால் ஆண் மான் சுத்துற எல்லையே பெரும்பாலும் ஒரு சதுர மைல் கிட்ட வரும், நவம்பர்ல பெண் மான் தேடி அலையற சமயத்துல அதையும் தாண்டிப் போகும். அப்படின்னா அது நம்ம காட்டுல இருக்கற நேரத்த விட அடுத்தவங்க காட்டுல இருக்கற நேரம்தான் அதிகம், நாம தனியா என்ன செஞ்சாலும் பத்தாது.

இன்னொண்ணு, ஒன்றரை வயசு ஆண் மான்ல பாதியோ அதுக்கு மேலயோ பொறந்த எடத்த விட்டு சில மைல் தள்ளிப் போயிடும். நீங்க இன்னிக்கு சுடாம விட்டது வேற யாரோட காட்டுலயோ வளரும், அவங்க விட்டது உங்க காட்டுக்கு வரும். அதனால அக்கம்பக்கம் சேந்து பேசிக்கிட்டு விட்டாத்தான் நாலு வயசு மான்னு ஒண்ணு அந்தப் பக்கமே இருக்கும். பென்சில்வேனியாவுல 2002-ல கொம்புல இத்தன கிளை இருந்தாத்தான் சுடணும்னு சட்டம் போட்டாங்க, நம்ம மாநிலத்துலயும் வடமேற்கு கவுண்டிகள்ல (மாவட்டங்கள்ல) 2013-லேர்ந்து இருக்கு. சட்டம் இல்லாத எடத்துல நாமளே பேசி முடிவு பண்ணலாம்ல?

வயசு பாக்கறதுக்கு கொம்ப மட்டும் பாக்காதீங்க, ஒடம்பப் பாருங்க. ஒன்றரை வயசுல கால் நீளமா கழுத்து ஒல்லியா பெண் மானுக்குக் கொம்பு வச்ச மாதிரியே இருக்கும். மூணரைல நெஞ்சு எறங்கி கழுத்து தடிக்கும், ஆனா வயிறு இன்னும் ஒட்டித்தான் இருக்கும். நாலரை தாண்டினா கழுத்து அப்படியே மார்போட சேந்துடும், வயிறு தொங்கும், கால் குட்டையாத் தெரியும். சந்தேகமா இருந்தா விட்டுடுங்க.

இப்ப பகல்ல ஏன் வரலைங்கறதுக்கு வரேன். பாதிக் காரணம் நாமதான். சனி ஞாயிறு ஆனா காடு முழுக்க நடக்கறோம், வாரா வாரம் கேமரா கார்ட் மாத்தறோம், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம ஒரே ஸ்டாண்ட்ல (மரத்துல கட்டின மேடையில) ஏறி உக்காறோம். ஒரு மரத்துல ஆண் மான் கொம்பத் தேச்சு பட்டை உரிஞ்சு பிசின் இன்னும் ஈரமா இருக்கு, கீழ காஞ்ச எலை மேல புதுசா செதில் கெடக்குன்னா அது போய் ரொம்ப நேரம் ஆகலைன்னு அர்த்தம், அங்க நின்னு போட்டோ எடுக்காம சத்தமில்லாம திரும்புங்க. அடர்த்தியான எடமா அஞ்சு பத்து ஏக்கர் ஒதுக்கி சீசன் முடியற வரைக்கும் காலே வைக்காதீங்க. சாயங்காலம் குளிர்ந்த காத்து பள்ளத்துக்கு எறங்கும், நம்ம வாடையும் அதோடயே எறங்கும், அதனால மான் படுத்திருக்கற பள்ளத்துக்கு மேல சாயங்காலம் உக்காராதீங்க.

எல்லையில ஸ்டாண்ட் போட்டு பக்கத்துக் காட்டப் பாத்து உக்காறத தயவுசெஞ்சு விட்டுடுங்க, இது எனக்கு நெஜமாவே கோபம் வர்ற விஷயம். அடிபட்ட மான் அந்தப் பக்கம் ஓடினா அவங்ககிட்ட கேட்டுட்டுதான் போகணும்.

மான் மூளையத் தாக்கி மெலிஞ்சு சாகடிக்கற சிடபிள்யூடி நோய் வயசான ஆண் மானுக்குத்தான் அதிகமா வருது, மிச்சிகன் காட்டு மான்ல 2015-ல அது மொதல்ல தெரிஞ்சது. அதனால ஆண் மான வளர விடறோம்னா மான் கூட்டம் பெருகாம கூடவே பெண் மானத் தேவையான அளவு சுடணும், நோய் இருக்கற கவுண்டில சுட்டா தலையக் குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு சாப்பிடுங்க. லோயர் பெனின்சுலாவுல (மாநிலத்தோட தெற்குப் பாதியில) 2019-லேர்ந்து தீனி போட்டு இழுக்கவும் தடை இருக்கு, யாரும் பாக்கலன்னு கேரட் மூட்டை எறக்காதீங்க.

வில்லு சீசன் அக்டோபர் 1, துப்பாக்கி நவம்பர் 15. அதுக்கு முன்னாடி கவுண்டி பிளாட் புக் (எந்த நிலம் யாரோடதுன்னு காட்டற வரைபடப் புத்தகம்) வாங்கி உங்க செக்ஷன்ல யார் யார் பேர் இருக்குன்னு பாத்து ஒவ்வொரு வீடாப் போய் கதவத் தட்டுங்க, கேமரா போட்டோ ரெண்டு கையில எடுத்துட்டுப் போங்க.