இதமான வீட்டில் அடுக்களையும் சேர்த்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டை இதமான இடமாக அமைத்துக்கொள்ளும் நாட்டம் பெருகிவருவதைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மஞ்சள் விளக்கொளி, மெத்தென்ற திண்டுகள், ஜன்னலோரச் சாய்வு நாற்காலி, பக்கத்தில் ஆவி பறக்கும் காபி என்று படங்களும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. நாளெல்லாம் அலுவலகத்திலும் நெரிசலிலும் அல்லாடிவிட்டு வருகிறவர்கள், வீட்டுக்குள் நுழைந்ததும் மனம் அடங்க வேண்டுமென்று விரும்புவது நியாயமே. 2020 ஊரடங்குக்குப் பிறகு அந்த விருப்பம் கூடியிருப்பதும் இயல்பு. இதைப் பகட்டு என்று ஒதுக்குவோருடன் நான் உடன்படவில்லை.

ஆனால், அத்தனை படங்களில் ஒன்றில்கூட அடுக்களை இல்லை. அந்தக் காபியைப் போட்டவர் நின்ற இடம் இதமாக இருந்ததா என்பதே என் கேள்வி.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். பெண்கள் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செய்யும் இவ்வேலையில் கணிசமான பகுதி நடக்கும் சமையலறைதான் நம் அடுக்குமாடி வீடுகளில் மிகுந்த வெக்கையான அறை. சித்திரை மாதத்தில் ஓர் அடுப்பில் குக்கரும் மற்றதில் தோசைக்கல்லும் இருக்கும்போது, மின்விசிறியைப் போட்டால் தீ அலையும் என்று அதையும் நிறுத்திவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி நிற்க வேண்டியிருக்கிறது. விளக்கு பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், நறுக்கும் காயின் மீது நம் நிழலே விழுகிறது. விறகடுப்புப் புகையில் கண் எரிந்த காலத்தை நான் உயர்த்திப் பேசவில்லை. ஆயினும் அரிவாள்மணையில் உட்கார்ந்து நறுக்கவாவது அன்று வழியிருந்தது. மேடை வந்தபின் குனிவது குறைந்தது, உட்காருவதும் போய்விட்டது.

இடம் சிறிது என்பது காரணமாகாது. 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை மிகச் சிறியது. அதிலும் ஜன்னலை ஒட்டி வேலைப் பலகை, உட்கார்ந்து செய்யச் சுழல் முக்காலி, வேண்டிய பக்கம் நகர்த்திக்கொள்ளும் விளக்கு ஆகியவற்றுக்கு அவர் இடம் கண்டார்.

நம் வீடுகளிலும் இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மேல் அலமாரியின் அடியில் ஒரு விளக்கும் மேடைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு முக்காலியும் போதும். காற்றை வெளியேற்றும் விசிறி இருந்தும் ஜன்னல்களை அடைத்து வைத்தால் பயனில்லை. வெளிக்காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் வழி வேண்டும். வீடு கட்டும்போதே கேட்டுப் பெற வேண்டியது இது. பூசை அறையின் திசையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம், அடுக்களை ஜன்னலைப் பற்றிப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இப்பொருளில் தாங்கள் மீண்டும் எழுதும்போது, சமையல் நடந்துகொண்டிருக்கும் வேளையில் சில வீடுகளின் அடுக்களைக்குள் சென்று படம் எடுத்து, அங்கே நிற்பவர்களிடமும் கருத்துக் கேட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்.