போன்சாய் தொட்டிக்கு எந்தத் தட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மொட்டை மாடியில் போன்சாய் வளர்ப்பது குறித்து வெளியான கட்டுரையில், மரத்தைத் தேர்ந்தெடுப்பது, கிளைகளுக்குக் கம்பி சுற்றுவது, வேர் கத்தரிப்பது ஆகியவை தெளிவாக விளக்கப்பட்டிருந்தன. தொட்டியைப் பற்றி மட்டும் இரண்டே கருத்துகள் இருந்தன. கையால் செய்யும் பீங்கான் தொட்டிகளுக்கு நியாயமற்ற விலை கேட்கிறார்கள் என்பது ஒன்று. அடியில் துளையிட்ட எந்தத் தட்டையான பாத்திரமும் போதும் என்பது மற்றொன்று. போன்சாய் வளர்ப்போருக்குத் தொட்டி செய்து கொடுத்து வருபவன் என்ற முறையில் இவ்விரண்டையும் ஏற்க இயலவில்லை.

தட்டையான பாத்திரத்தில் முதல் சிக்கல் தண்ணீர். நீர் ஊற்றி வடிந்த பிறகும், எந்தத் தொட்டியிலும் மண்ணின் அடிப்பகுதியில் ஓர் ஈர அடுக்கு தங்கிவிடும். ஒரே மண் கலவையானால், தொட்டி ஆழமாக இருந்தாலும் ஆழம் குறைந்திருந்தாலும் அந்த அடுக்கின் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே ஐந்து செ.மீ. ஆழமே உள்ள தொட்டியில் வேர்களின் பெரும்பகுதி அந்த ஈரத்திலேயே நிற்க நேரிடும். இதனால்தான் போன்சாய் தொட்டியில் வடிதுளைகள் பெரிதாக இருக்க வேண்டும். உட்புறத் தரையில் ஒரு கரண்டி நீர்கூடத் தேங்காதபடி அது மட்டமாகவோ துளையை நோக்கிச் சரிந்தோ இருக்க வேண்டும். காற்றோட்டத்திற்காகத் தொட்டி கால்களின் மேல் நிற்க வேண்டும். வேர் கத்தரித்த மரத்தை ஆடாமல் பிடித்து வைக்கும் அளவுக்கு அங்கே மண் இல்லாததால், கம்பி கோத்துக் கட்டுவதற்கான சிறு துளைகளும் தேவை. வாய் உள்நோக்கி மடிந்த கிண்ணத்தில் நட்டுவிட்டால், மண் மாற்றும் காலத்தில் வேர்க்கட்டியைச் சுற்றிலும் அறுத்துத்தான் மரத்தை வெளியே எடுக்க முடியும். சாப்பாட்டு மேசைக்கென்று செய்த பாத்திரத்தில் இவற்றில் எதையும் எதிர்பார்க்க இயலாது.

சாதாரணச் சுடுமண் தொட்டி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். இளமரத்தை வளர்த்தெடுக்கும் காலத்திற்கு அது மிக நல்லது. நானும் அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் 1000 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுடப்படும் அந்த மண் நீரை உறிஞ்சும். நம் ஊர்களின் உப்புத் தண்ணீர் சுவரில் ஊறி வெண்மையாகப் பூத்து, நாளடைவில் மேற்பரப்பு பொரிந்து உதிரும். மெல்லிய சுவரும் அகன்ற தரையும் கொண்ட தொட்டிக்கு 1200 டிகிரிக்கு மேல் சுடப்பட்டு இறுகிய ஸ்டோன்வேர் மண்ணே ஏற்றது.

விலைக்கு வருகிறேன். வட்டத் தொட்டியைச் சக்கரத்தில் வனையலாம். செவ்வகத் தொட்டியைக் களிமண் தகடுகளாகத் தட்டி, வளையாமலும் அதே நேரம் நகம் பதியும் பதத்திலும் வெட்டி, விளிம்புகளைக் கீறி, களிமண் கரைசல் தடவி ஒட்ட வேண்டும். தகடு நெளியாதிருக்க மண்ணில் சுட்ட மண்ணின் பொடியைக் கலப்பது வழக்கம். காய்வதிலும் சுடுவதிலும் சேர்த்து 12 சதவீதம் சுருங்கும் மண்ணில், 30 செ.மீ. நீளத் தொட்டி வேண்டுமானால் ஈரத்தில் ஏறக்குறைய 34 செ.மீ. வைத்துச் செய்ய வேண்டும். காய வைப்பதுதான் இத்தொழிலின் சோதனை. அக்கினி நட்சத்திரக் காற்றில் விளிம்புகள் முந்திக் காய்ந்து மூலைகள் பிளக்கும். ஆகவே பிளாஸ்டிக் தாளால் மூடி, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திறந்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே தொட்டி காயவே மறுக்கும். சூளையிலும் அகன்ற தரை சுருங்கும்போது அடுக்குப் பலகையில் உராய்ந்து விரிசல் விடாதிருக்க, அடியில் சூளை வெப்பத்திலும் உருகாத அலுமினாப் பொடி தூவியோ அதே மண்ணில் செய்த சுடாத தகடு ஒன்றை வைத்தோ சுடுகிறோம். இத்தனைக்குப் பின்னும் சூளையைத் திறக்கும்போது ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும் தொட்டி இருக்கத்தான் செய்யும். விற்பனையாகும் தொட்டியின் விலையில் அந்தத் தொட்டியின் கூலியும் விறகோ எரிவாயுவோ எரித்த செலவும் அடங்கியிருக்கின்றன.

அச்சில் வார்த்த தொட்டிகளை நான் தாழ்த்திப் பேசவில்லை. ஜப்பானின் ஆறு பழம்பெரும் சூளை ஊர்களில் ஒன்றான, ஐச்சி மாகாணத்து டோகோனாமேயிலும் அச்சுத் தொட்டிகள் உண்டு. கைவினைஞர் தம் முத்திரையைப் பதித்துத் தரும் தொட்டிகளும் உண்டு. ஊசியிலை மரங்களுக்குக் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சில்லாத பழுப்புத் தொட்டியையும், பூக்கும், காய்க்கும் மரங்களுக்கு வண்ணப் பூச்சுத் தொட்டியையும் தேர்ந்தெடுப்பது அங்குள்ள பொது வழக்கம். பளபளக்கும் நீலத் தொட்டியில் ஆலமரத்தைக் கண்டால் எனக்கு மரம் கண்ணிலேயே படுவதில்லை. இது என் ரசனை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இறக்குமதித் தொட்டிகளை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் மண்பாண்டக் கூடத்தின் வழியாக, இப்பகுதியில் ஸ்டோன்வேர் வேலை தெரிந்த கைகள் பல உருவாகியுள்ளன. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. அங்கே பொம்மைகள் வார்க்கும் திறமை, சரியான வடிவமைப்பும் உயர்வெப்பச் சூடும் கிடைத்தால் போன்சாய் தொட்டிக்கும் திரும்பக்கூடியதே. தோட்டக்கலைத் துறையும் அந்நிறுவனமும் சேர்ந்து இதற்கென ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கலாம்.

வளர்ப்போருக்கும் ஒரு வேண்டுகோள். தொட்டி கேட்டு வரும்போது மரத்தின் உயரம், அடித்தண்டின் தடிமன், வேர் பரவிய அகலம் ஆகியவற்றை அளந்து வாருங்கள். தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடித்தண்டின் தடிமன் அளவு என்பது பொதுக் கணக்கு. மரத்திற்கேற்ப அதைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மண் மாற்ற வேண்டிய வாரத்தில் வந்து அவசரப்படுத்தாமல், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட்டால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
புதுச்சேரி.