குட்டியை ஹாஸ்டலில் விடலாமா?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மஸ்கட்டில் வெயில் எப்படி என்று கேட்கப் போவதில்லை. வெள்ளகோவில்காரிக்கு வெயிலைப் பற்றி யார் சொல்லித் தர வேண்டும்?

அன்றைக்குப் போனில், "நீயும் ஹாஸ்டல்ல படிச்சவதானே, குட்டியை ஆறாவதுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல விடலாமான்னு நீதான் சொல்லோணும்" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். காரணம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோபியில், என்னோடு ஹாஸ்டலில் படித்த எங்கள் செட் கூடுவதாக இருந்தது. என் ஒருத்தி ஞாபகத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்வதைவிட அவளுகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருந்தேன். கேட்டுவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதனால் எழுதுகிறேன். உன் தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான்.

நாங்கள் ஒன்று சேர்ந்ததே பெரிய கதை. உன் அப்பா செட் எப்படிச் சேர்ந்தது என்று உனக்குத் தெரியும். ஒருவர் நம்பர் கிடைத்ததும் பின்னாலேயே பத்துப் பேர் வந்துவிட்டார்கள். ஆம்பளைகளுக்குப் பேரும் மாறவில்லை, இனிஷியலும் மாறவில்லை, பாதிப் பேருக்கு வீடுகூட மாறவில்லை. எங்களுக்கு அப்படியா? அப்பா இனிஷியல் போய் வீட்டுக்காரர் இனிஷியல் வந்திருக்கும். ஊரில் இன்னார் சம்சாரம், இன்னார் அம்மா என்றுதான் தெரியும். பேஸ்புக்கில் தேடினால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பேரப்பிள்ளையோ மாரியம்மனோ இருக்கும். இதில் எங்கள் செட்டில் சரஸ்வதியே மூன்று பேர்.

பெருந்துறையில் ஒரு கல்யாணம். இணைச்சீர் சடங்கு நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்வரிசையில் ஒரு பொம்பளை சிரித்தாள். மூச்சை உள்ளே இழுத்து இழுத்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்புக்காகவே ஸ்டடி நேரத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து முட்டி போட்டிருக்கிறோம். திரும்பிப் பார்த்தால் தலை முழுக்க நரை, மூக்குக்கண்ணாடி. "நீ அந்தியூரு இல்ல?" என்றேன். "வெள்ளகோவிலு!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே பேரில் பல பேர் இருந்ததால் ஹாஸ்டலில் நாங்கள் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்தியூரு, மூலனூரு, கோபி, சென்னிமலை. வார்டன் மட்டும் நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். தட்டு, தகரப்பெட்டி, வெளுக்கப் போடுகிற துணி எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான். என்னுடையது 47.

மற்றவர்களைத் தேட அந்தியூர்க்காரிதான் வழி கண்டுபிடித்தாள். கட்டிக்கொடுத்த ஊர் நமக்குத் தெரியாது, ஆனால் பிறந்த ஊர் தெரியும். அங்கே போய் விசாரித்தால் அண்ணனோ தம்பியோ பண்ணையம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும் தங்கச்சி நம்பர் எப்படியோ கிடைத்துவிடும். சிலரைத் தேடிப் போய், படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு.

இந்தத் தடவை கோபிக்காரியின் தோட்டத்தில் கூடினோம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், வீட்டைச் சுற்றி நெல்லும் வாழையும். எங்கள் மேட்டாங்காட்டில் பிறந்தவளுக்கு அதைப் பார்த்தாலே கொஞ்சம் பொறாமைதான். சமையலுக்கு ஆள் வைக்க வேண்டாம் என்று ஒருத்தி அரிசிம்பருப்பு, ஒருத்தி சந்தவை, ஒருத்தி கொள்ளுப் பருப்பு என்று ஆளுக்கு ஒன்று செய்து போசியில் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கொடிவேரிக்குப் போனோம். தண்ணீர் அதிகம் என்று குளிக்க விடவில்லை. மீன் வறுவல் மட்டும் வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். சுகர், பிரஷர் பேச்சை எடுக்கக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம். அதை யாரும் மதிப்பதில்லை.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், எங்கள் ஞாபகங்கள் ஒன்றோடொன்று ஒத்தே போவதில்லை. 1986-இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. எங்களுக்குப் பிளஸ் டூ பரீட்சை சமயம். விடியறதுக்கு முன்னால் எழுப்பி மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்கள். எனக்கு நினைவிருப்பது துடைத்தும் போகாத சாக்பீஸ் கறை மாதிரி ஒரு மங்கல், அப்புறம் குளிர். சென்னிமலைக்காரி, வால் பாதி வானத்துக்கு நீண்டிருந்தது என்று சத்தியம் பண்ணுகிறாள். அந்தத் தடவை அது மங்கலாகத்தான் தெரிந்தது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 1910-இல் வந்தபோதுதான் பெரிதாகத் தெரிந்ததாம், சயின்ஸ் டீச்சர் அந்தக் கதையை வகுப்பில் சொன்னார். இவள் டீச்சர் சொன்னதைத்தான் வானத்தில் பார்த்திருக்கிறாள் என்பது என் கணக்கு. சொன்னால் ஒத்துக்கொள்வாளா? இனி 2061-இல்தான் வருமாம், அதுவரைக்கும் சண்டை போடலாம்.

வார்டன் கதையும் அப்படித்தான். எனக்கு அவர் என்றால் இன்லேண்ட் லெட்டர்தான் நினைவுக்கு வரும். நாங்கள் எழுதுகிற ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். வீட்டிலிருந்து வருவதும் பிரிக்காமல் கைக்கு வராது. அதனால் எல்லாருடைய லெட்டரும் ஒரே மாதிரி இருக்கும். நான் இங்கு நலம், நன்றாகப் படிக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது. கோபிக்காரி காய்ச்சலில் படுத்துக்கொண்டே "நலம்" என்று எழுதிய லெட்டரை அவள் அம்மா பீரோவில் வைத்திருந்து, இறந்த பிறகு அது இவள் கைக்கு வந்ததாம். அதே வார்டனைப் பற்றி அந்தியூர்க்காரி பேசினால் கண் கலங்குகிறாள். அவளுக்கு அம்மை போட்டபோது தன் ரூமிலேயே படுக்க வைத்து, ராத்திரியெல்லாம் வேப்பிலையால் வருடிவிட்டாராம். நான் அப்போது பக்கத்து ஹாலில்தான் படுத்திருந்தேன். எனக்குத் தெரியவே தெரியாது.

இந்திரா காந்தி இறந்தது 1984 அக்டோபர் 31. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான், எல்லோரும் வீட்டிலிருந்து திரும்பியிருந்தோம். வார்டன் ரூம் ரேடியோவில் சாயந்திரம் செய்தி சொன்னார்கள். பஸ் நின்றுவிட்டது. அரசு பஸ்ஸில் சேரனும் இல்லை, ஜீவாவும் இல்லை. மெஸ்ஸுக்குக் காய்கறி வரவில்லை, கஞ்சிதான். அன்று ராத்திரி பெட்டி பெட்டியாகத் திறந்து கச்சாயம், முறுக்கு, எள்ளுருண்டை எல்லாவற்றையும் நடு ஹாலில் கொட்டிக்கொண்டு தின்றோம். அதுவரை பெட்டிச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். ஊரே துக்கத்தில் இருக்க எங்களுக்கு அது நோம்பி, பண்டிகை. ஆனால் அந்த ராத்திரி பயத்தில் தூங்கவே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு.

அடுத்து மூலனூர்க்காரி. அவளைப் பற்றித்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாவதோடு நின்றவள். பரீட்சை முடித்து லீவுக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை, ஆவணியில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும் என்று 1978-லேயே சட்டம் திருத்தியிருந்தார்கள். எங்கள் பக்கம் பஸ்ஸே காலையில் ஒன்று, பொழுதோட ஒன்று. சட்டம் எங்கே வந்து சேரும்? ஜூனில் நாங்கள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது அவள் கட்டிலில் வேறு பெண் படுத்தாள். அவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தியூர்க்காரி நம்பர் பிடித்துப் பேசியபோது அவள் முதலில் கேட்டது, "நான் பன்னெண்டு முடிக்கலியே, நானும் அந்தச் செட்டுல சேத்தியா?" போனை வைத்துவிட்டு அந்தியூர்க்காரி அழுதாளாம். கோபிக்கு வந்தபோதும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள் பார், எங்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். யார் கட்டில் எது, யார் பெட்டிக்கு என்ன நிறம், யார் வீட்டிலிருந்து மணியார்டர் தாமதமாக வரும், எந்த டீச்சர் என்ன பாட்டுப் பாடுவார், அத்தனையும் அவளுக்குத் தெரியும். "47, உங்க அம்மா விசிட்டர் நாளன்னிக்குப் பருப்புப்பொடி கொண்டாருவாங்க, நீ எனக்கு மட்டும் குடுப்பே" என்றாள். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. நாங்கள் அதற்கப்புறம் காலேஜ், வேலை, ஊர் என்று மேலே மேலே அடுக்கிக்கொண்டே போய்விட்டோம். அவளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அந்த ஐந்து வருஷம்தான், அதில் ஒன்றையும் அவள் தொலைக்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சாயந்திரம் காப்பி குடிக்கும்போது, ஹாஸ்டல் இல்லாவிட்டால் நாமெல்லாம் ஆளாகியிருப்போமா என்று ஆளாளுக்குப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். தைரியம் வந்தது, தன் வேலையைத் தானே பார்க்கத் தெரிந்தது, இன்னும் என்னென்னவோ. அப்போது கேட்டேன், "அப்படின்னா உங்க பிள்ளைகளை எத்தனை பேர் ஹாஸ்டல்ல விட்டீங்க?" யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சிரித்தார்கள். இரண்டே பேர்தான் விட்டிருக்கிறார்கள். ஒருத்தியின் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார், ஊர் ஊராக மாற்றல், வேறு வழியில்லை. இன்னொருத்தி பிளஸ் டூ மார்க்குக்காக மகனை நாமக்கல் பக்கம் விட்டாள். அந்தக் காலத்து ரேங்க் பைத்தியம் உனக்கே தெரியும், 2017-இல்தான் அரசாங்கம் மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது. மகன் நல்ல மார்க் வாங்கினான், இப்போது நல்ல வேலை. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை வாயே திறப்பதில்லையாம்.

மூலனூர்க்காரி மட்டும், "எம் புள்ளைய விடக் காசு இருந்திருந்தா நான் கண்டிப்பா விட்டிருப்பேன்" என்றாள்.

இரண்டையும் வைத்துத்தான் யோசித்தேன். 1979-இல் உன் அப்புச்சி, என் அப்பா, என்னை ஹாஸ்டலில் விட்டதற்குக் காரணம் எங்கள் ஊரில் அஞ்சாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை என்பதுதான். விடாவிட்டால் கொறங்காட்டில் மாடு மேய்த்துக்கொண்டு, மூலனூர்க்காரிக்கு முன்னாலேயே கல்யாணமாகிப் போயிருப்பேன். அது தேவை. குட்டிக்கு அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, அப்பா அம்மா இருக்கிறீர்கள். நீ சொல்கிற காரணம், இங்கே போட்டி அதிகம், பத்தாவதுக்கு மேல் திண்டாடக் கூடாது, தமிழ் மறந்துவிடும் என்பது. போட்டிக்குப் பத்து வயதிலேயே ஓட வேண்டாம். தமிழுக்கு நீங்கள் வீட்டில் அவனோடு இங்கிலீஷில் பேசுவதை நிறுத்தினாலே போதும், அதற்கு ஹாஸ்டல் பீஸ் எதற்கு?

என் யோசனை, இப்போது வேண்டாம். ஒன்பதாவது வரும்போது அவனையே கேளுங்கள். அவனுக்கு விருப்பம் இருந்தால் அப்போது விடலாம். இங்கே என்னிடம் விடச் சொல்லி அடிபோடுகிறேன் என்று மாப்பிள்ளை நினைத்துவிடப் போகிறார். அதுவும் இல்லை. அப்பாவுக்கு மூட்டுவலி, எனக்கு ஆடு மாடு, பத்து வயதுப் பையன் பின்னால் ஓட எங்களால் ஆகாது.

இல்லை, விட்டே ஆக வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், ஒரு காரியம் செய். லீவில் வரும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை அங்கே போ. ஓப்பன் ஹவுஸ் நாளில் போனால் எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கும். ஏசி ரூமையும் நீச்சல் குளத்தையும் காட்டுவார்கள், பார்த்துக்கொள். அப்புறம் கக்கூஸையும் மெஸ் பின்பக்கத்தையும் காட்டச் சொல். ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று கேள். பையன்கள் வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று கேள். நிற்பார்கள் என்றால் அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம். எத்தனை கோப்பை அலமாரியில் இருந்தாலும் வேண்டாம்.

அடுத்த தடவை கொடுமுடியில் கூடுவதாகப் பேச்சு. மூலனூர்க்காரிதான் ஏற்பாடு. தன் வீட்டுக்காரரிடம், "நான் போறேன், சாப்பாடு பானையில இருக்குது" என்று சொல்லிவிட்டு வருவேன் என்கிறாள். நீ அதற்குள் லீவுக்கு வந்தால் உன்னையும் கூட்டிப் போகிறேன். பள்ளிக்கூடம் பற்றி என்னைக் கேட்டதையெல்லாம் அவளுகளையே கேட்டுக்கொள். ஒரே கேள்விக்குப் பத்துப் பதில் வரும், தயாராக வா.

கச்சாயம் சுட்டுப் பக்கத்து ஊர்ப் பையன் வசம் கொடுத்துவிடுகிறேன், வெள்ளிக்கிழமை பிளைட். குட்டிக்குப் பிடித்த பருப்புப்பொடியும் இருக்கும். மாப்பிள்ளையிடம் இதை முழுசாகப் படித்துக் காட்டு, உனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா