ஒரு பழைய கார்டு, பாதியான ஸ்விட்ச்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆறு ஸ்லாட் சேசிஸ் ஸ்விட்சின் (கார்டுகளைச் செருகும் வலையமைப்புப் பெட்டி) உள் பஸ் (கார்டுகள் எல்லாம் பகிரும் பொதுப் பாதை) பற்றிச் சொல்லாமல் விற்றது குறித்து

ஐயா / அம்மையீர்,

உங்கள் ஸ்விட்ச் பழுதாகவில்லை. அதன் மூளையான சூப்பர்வைசர் கார்டில் பச்சை விளக்குதான் எரிகிறது. ஆனாலும் தொலைபேசி அழைப்புகள் கூடும் நேரத்தில் பாக்கெட்டுகள், அதாவது குரலைச் சுமக்கும் தரவுத் துண்டுகள், போய்ச் சேராமல் உதிர்கின்றன. உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் "கேபிளைச் சரிபார்க்கவும்" என்றே பதில். கேபிளோடு, அது செருகப்படும் எஸ்எஃப்பி மாட்யூல்களையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

வாங்கும்போது உங்கள் விற்பனைப் பொறியாளர், "புதிய கார்டு ஒவ்வொன்றுக்கும் ஃபேப்ரிக்குக்குத் தனிப் பாதை உண்டு, பழைய கார்டையும் தாராளமாகச் செருகிக்கொள்ளலாம்" என்றார். ஃபேப்ரிக் என்பது கார்டுகளைத் தனித்தனிப் பாதைகளால் இணைக்கும் உள் சந்திப்பு. நாங்களும் நான்கு புதிய கார்டுகளைப் போட்டு, கடைசி ஸ்லாட்டில் எங்கள் பழைய 48 போர்ட் கார்டைச் செருகினோம்.

அவர் சொல்லாததை உங்கள் கையேட்டின் பின்னிணைப்பில் பொடி எழுத்தில் கண்டேன். பாக்கெட்டின் உடல் ஃபேப்ரிக் வழியே போனாலும், எந்தப் போர்ட்டுக்கு அனுப்புவது என்று கேட்க அதன் தலைப்பு (முகவரி இருக்கும் முன்பகுதி) பொது பஸ்ஸில் ஏறி சூப்பர்வைசருக்கு வந்தாக வேண்டும். எல்லாமே புதிய கார்டுகள் என்றால் தலைப்பு 32 பைட். பஸ் நொடிக்கு 3 கோடி பாக்கெட் வரை தாங்கும். பழைய கார்டு ஒன்றே ஒன்று இருந்தாலும் மற்ற கார்டுகளும் 64 பைட்டுக்கு மாறிவிடும். தாங்குவது ஒன்றரைக் கோடி. ஒரு ஜிகாபிட் போர்ட்டில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் ஓடினால் நொடிக்குச் சுமார் 14.88 லட்சம். அப்படிப் பத்துப் போர்ட் ஓடினாலே கதை முடிந்தது. எங்களிடம் ஓடுவதும் குரலின் சிறு பாக்கெட்டுகள்தான்: ஜி.729 என்ற குரல் சுருக்க முறையில் ஒரு பாக்கெட்டில் பேச்சு 20 பைட், அதைச் சுமக்கும் ஐபி, யூடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். போர்ட்டின் பயன்பாட்டைக் காட்டும் வரைபடம் பத்து சதவீதத்தைத் தொடாமலே பாக்கெட் உதிர்ந்த மர்மம் இதுதான்.

விளம்பரத்தாளில் பஸ்ஸின் வேகம் 32 ஜிகாபிட் என்று போட்டிருக்கிறீர்கள். போவதையும் வருவதையும் கூட்டிய கணக்கு அது. பஸ்ஸில் ஒரு பாக்கெட் ஒரு முறைதான் பயணம் செய்கிறது, உள்ளபடி 16.

சென்ற மாதம் இன்னொன்றும் நடந்தது. "ஓடும்போதே கழற்றி மாட்டலாம்" என்ற உங்கள் வாக்கை நம்பி அந்தப் பழைய கார்டைக் கழற்றி மீண்டும் செருகினோம். கார்டின் நீள முனைகள், கார்டுகள் பொருந்தும் பின்பலகையான பேக்பிளேனைத் தொட்டதும் பஸ் நின்றுவிடும், குட்டை முனைகளும் முழுதாகப் பொருந்தினால்தான் திரும்ப ஓடும் என்பது எங்கள் பையனுக்குத் தெரியாது. முனை வளைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாகத் தள்ளினான். நெம்புகோல் பாதியில் நிற்க, சேசிஸ் முழுவதும் போர்ட் விளக்குகள் மினுக்குவதை நிறுத்தின. பேசிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் குரல் போயிற்று.

அவன் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். "ஒரே மூச்சில் அழுத்திச் செருகவும்" என்று கார்டின் முகப்பில் ஒரு வரி ஒட்டியிருக்கலாம்.

பழைய கார்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே போர்ட் எண்ணிக்கையில் ஃபேப்ரிக் கார்டு ஒன்றைக் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். பழைய கார்டைச் சேர்த்தால் கொள்ளளவு பாதியாகும் என்பதை விளம்பரத்தாளின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். பதிலை வன்பொருள் பொறியாளர் ஒருவர் எழுதட்டும். கேபிளைப் பற்றி இனி ஒரு வரியும் வேண்டாம்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்புப் பொறுப்பாளர்