பிரேக் பேட் மாற்றினால் போதுமா? போல்ட்டை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொல்லிமலை அடிவாரத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் பிரேக்கை நம்பித்தான் குடும்பங்கள் இறங்கி வருகின்றன.

அண்மையில் வந்த ஒரு காரில், மேடு பள்ளம் ஏறி இறங்கும்போதெல்லாம் முன் இடது சக்கரத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம். சஸ்பென்ஷன் கோளாறு என்று சொல்லி வேறோர் இடத்தில் ஸ்டெபிலைசர் லிங்க்கை மாற்றியிருந்தார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை. பிரேக்கை லேசாக மிதித்தபடியே அதே பள்ளத்தில் ஓட்டச் சொன்னேன். சத்தம் அடங்கிவிட்டது. சரி, பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர்தான் என்று சக்கரத்தைக் கழற்றி, கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் கல்லாக நின்றது. காலிப்பர் மட்டும் ஆடியது. அதைப் பிடித்திருக்கும் கீழ் போல்ட் ஸ்பானரே இல்லாமல் விரலுக்குச் சுழன்றது. அது கழன்று விழுந்திருந்தால் காலிப்பர் மேலே தூக்கிக்கொண்டு சக்கரத்தின் உட்புறத்தில் அடித்திருக்கும். சில நாட்களுக்கு முன்தான் அந்த போல்ட்டைக் கழற்றி புது பேட் போட்டார்களாம்!

வேலை ஒன்றும் பெரிதில்லை. மரையைச் சுத்தம் செய்து, காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் வைத்து, புது போல்ட் போட்டு முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். கண்ட கிரீஸையும் வைத்தால் ரப்பர் உறை உப்பி, பின் இறுகிவிடும். பல சிறிய கார்களில் இந்த போல்ட்டுக்கு சுமார் 30 நியூட்டன் மீட்டர் போதும்; பிராக்கெட் போல்ட்டுக்கு 80-க்கு மேல் வேண்டும். மாடலுக்கு மாடல் மாறும். கைக்கணக்கில் முறுக்கினால் ஒன்று லூசாகும், இல்லை மரை போகும்.

வாடகைக் கார்களுக்காவது எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை இருக்கிறது. சொந்தக் கார்களுக்கு 15 ஆண்டுகள் வரை அதுவும் இல்லை. அதனால், பேட் மாற்றும் ஒவ்வொரு பில்லிலும் காலிப்பர் போல்ட்டை எந்த அளவில் முறுக்கினார்கள் என்று எழுதித் தருவதைப் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். முறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து காலிப்பர் வரை பெயிண்டால் ஒரு கோடு போடட்டும். போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். எங்கள் ஷெட்டில் இதைச் செய்துதான் சக்கரத்தை மாட்டுகிறோம். மற்ற மெக்கானிக்குகளும் செய்ய வேண்டும். வண்டிக்காரர்களும் கேட்டு வாங்க வேண்டும்.

- கார் மெக்கானிக், சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்